வீட்டு சர்வரில் இருக்கும் குடும்ப வீடியோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஏன் தெரியலை? சரிசெய்வது எப்படி? முழு விளக்கம்

நாகூர், காரைக்கால், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம்... இந்த ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பது புதிய விஷயம் இல்லை. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828-1830-இல் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே ஒரு நினைவிடம் கட்டப்பட்டது என்றால், இந்தக் கடல் கடந்த உறவு எவ்வளவு பழையது என்பது புரியும்.

வெளிநாட்டுக்கு போன் பேசுவது பெரும் செலவாக இருந்த 1980-களில், சொல்ல வேண்டியதைக் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. பிறகு கல்யாணங்கள் வீடியோ கேசட்டுக்கு வந்தன, அங்கிருந்து விசிடிக்கும் டிவிடிக்கும் மாறின. அந்தப் பெட்டியை எல்லாம் இப்போது பலர் கணினியில் ஏற்றி, வீட்டிலேயே ஒரு 'மீடியா சர்வர்' அமைத்து, குடும்பத்தில் எல்லோருக்கும் பகிர்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாகூர் வீட்டு டிவியில் ஓடும் வீடியோ, சிங்கப்பூரில் இருக்கும் மகனின் போனில் தெரிவதில்லை. தெரிந்தாலும் ஓடுவதில்லை. ஓடினாலும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஏன்? என்ன செய்யணும்? விரிவாகப் பார்க்கலாம்.

மீடியா சர்வர்னா என்ன?

வீட்டில் இருக்கும் ஒரு பழைய கணினி, அதில் ஒரு ஹார்ட் டிஸ்க், அதில் ஒரு மென்பொருள். அவ்வளவுதான். அந்த மென்பொருள் உங்கள் வீடியோ, பாட்டு, புகைப்படங்களை நெட்ஃபிளிக்ஸ் மாதிரி அடுக்கிக் காட்டும். ஆனால் கோப்புகள் எல்லாம் உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

இதில் பரவலாகப் பயன்படுவது இரண்டு. ஒன்று, பிளெக்ஸ். இதில் கணக்கு, கடவுச்சொல் எல்லாம் அந்த நிறுவனத்தின் வழியாகச் செல்லும். இன்னொன்று, ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடியபோது, அதிலிருந்து 2018 டிசம்பரில் பிரிந்து வந்த இலவச, திறந்த மூல மென்பொருள் இது. இதில் கணக்குகள் எல்லாம் உங்கள் வீட்டுக் கணினியிலேயே இருக்கும்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்வது முக்கியம். 'தெரியலை' என்று போன் வந்தால் எங்கே தேட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் ஒரே ஒரு கேள்வி

'வேலை செய்யலை' என்று சொன்னால் எதுவும் புரியாது. எந்த வகைச் சிக்கல் என்று முதலில் கேளுங்கள்.

* லைப்ரரியே கண்ணில் படவில்லையா? அப்படியென்றால் கணக்கு அல்லது அனுமதிச் சிக்கல்.
* படம் தெரிகிறது, தொட்டால் ஓடவில்லையா? அப்படியென்றால் இணைப்பு, கட்டணம் அல்லது கோப்பு வகைச் சிக்கல்.
* ஓடுகிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறதா? வேகச் சிக்கல்.
* நேற்று வரை இருந்தது, இன்று யாருக்குமே இல்லையா? சர்வர் பக்கச் சிக்கல்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. லைப்ரரியே தெரியவில்லை

பிளெக்ஸில் அதிகம் நடப்பது மின்னஞ்சல் குழப்பம். வாப்பா ஒரு மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்பியிருப்பார். மகன் வேறொரு மின்னஞ்சலில், அதுவும் 'கூகுள் வழியாக உள்நுழை' என்ற பொத்தானைத் தட்டி, புதுக் கணக்கு திறந்திருப்பார். ஆப்பிள் போனில் 'மின்னஞ்சலை மறை' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் மோசம், கணக்கின் முகவரியே வேறாக இருக்கும். ஆக, அழைப்பு ஓரிடத்தில் காத்திருக்கும், ஆள் இன்னோரிடத்தில் காத்திருப்பார்.

தீர்வு: மகனின் கணக்கு அமைப்புகளில் என்ன மின்னஞ்சல், என்ன பயனர் பெயர் இருக்கிறது என்று திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதே முகவரிக்கு மறுபடி அழைப்பு அனுப்புங்கள். அவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் லைப்ரரி திறக்கும்.

ஏற்றுக்கொண்ட பிறகும் முகப்பில் தெரியலையா? பயப்பட வேண்டாம். பகிரப்பட்ட லைப்ரரி எல்லா நேரமும் தானாக முகப்புக்கு வராது. 'மோர்' பட்டியலுக்குள் போய், சர்வரின் பெயரைத் தேடி, லைப்ரரியை 'பின்' செய்ய வேண்டும். 'ஒண்ணுமே வரலை' என்று சொல்பவர்களில் பலருக்கு லைப்ரரி வந்துதான் இருக்கும், உள்ளே ஒளிந்திருக்கும்.

அடுத்தது, யாரை எப்படிச் சேர்ப்பது என்ற குழப்பம். பிளெக்ஸில் இரண்டு வழி உண்டு.

* பிளெக்ஸ் ஹோம்: ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கானது. மொத்தம் 15 பேர் வரை. மின்னஞ்சல் இல்லாத உம்மாவுக்கும் குழந்தைக்கும் 'மேனேஜ்டு யூசர்' உருவாக்கலாம், 4 இலக்க பின் எண்ணும் வைக்கலாம். ஆனால் இவர்களுக்குத் தனிக் கடவுச்சொல் கிடையாது. கருவியில் வீட்டுக்காரர் ஒருவரின் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும்.
* லைப்ரரி பகிர்வு: சொந்தக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கானது. வெளிநாட்டில் இருக்கும் மகன், மகளுக்கு இதுதான் சரி.

எளிமையாகச் சொன்னால், வீட்டு டிவிக்கு மேனேஜ்டு யூசர், கடல் தாண்டி இருப்பவருக்குச் சொந்தக் கணக்கு. மாற்றிச் செய்தால் தலைவலிதான்.

ஜெல்லிஃபினில் அழைப்பு, மின்னஞ்சல் எதுவும் கிடையாது. சர்வரின் டாஷ்போர்டில் 'யூசர்ஸ்' பகுதியில் பெயரும் கடவுச்சொல்லும் நீங்களே உருவாக்கித் தர வேண்டும். அங்கே 'ஆக்சஸ்' என்ற பக்கத்தில் அவருக்கு எந்தெந்த லைப்ரரி என்று குறியிட வேண்டும். புதிதாக ஒரு லைப்ரரி சேர்த்துவிட்டு இங்கே குறியிட மறந்தால் அது அவருக்குத் தெரியாது. கடவுச்சொல்லைப் பலமுறை தவறாகப் போட்டால் கணக்கு முடங்கும்படி அமைத்திருந்தால், அதையும் 'யூசர்ஸ்' பகுதியில்தான் விடுவிக்க வேண்டும்.

குழந்தைக் கணக்கில் மட்டும் காணோமா?

பேரப்பிள்ளைகளுக்கு வயதுக் கட்டுப்பாடு வைத்திருப்பீர்கள். அந்தக் கட்டுப்பாடு, படத்துக்குக் கொடுக்கப்பட்ட வயதுச் சான்றைப் பார்த்து வேலை செய்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவுக்கு யார் சான்று கொடுத்தார்கள்? யாரும் இல்லை. 'சான்று இல்லாதது' என்பதால் அது மறைக்கப்படலாம். ஜெல்லிஃபினில் 'சான்று இல்லாதவற்றைத் தடு' என்ற பகுதி தனியாகவே இருக்கிறது. அதில் குறியை எடுங்கள், அல்லது வீடியோவின் விவரங்களைத் திருத்தி நீங்களே ஒரு வயதுச் சான்றைப் போட்டுவிடுங்கள்.

2. தெரிகிறது, ஆனால் ஓடவில்லை

இங்கே முதலில் பார்க்க வேண்டியது பணம். 2025 ஏப்ரல் 29 முதல் பிளெக்ஸ் ஒரு பெரிய மாற்றம் செய்தது. வீட்டுக்கு வெளியே இருந்து சொந்த வீடியோக்களைப் பார்ப்பது அதுவரை இலவசம், இப்போது இல்லை. சர்வர் வைத்திருப்பவரிடம் 'பிளெக்ஸ் பாஸ்' சந்தா இருக்க வேண்டும், அல்லது பார்ப்பவரிடம் 'ரிமோட் வாட்ச் பாஸ்' இருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபோது ரிமோட் வாட்ச் பாஸுக்கு மாதம் 1.99 டாலர், வருடம் 19.99 டாலர் என்று விலை சொல்லப்பட்டது. பிளெக்ஸ் பாஸின் வாழ்நாள் சந்தா 119.99 டாலரில் இருந்து 249.99 டாலராக உயர்ந்தது.

இதில் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. சர்வர் உரிமையாளர் ஒருவர் பாஸ் எடுத்தால், அவர் பகிர்ந்த அத்தனை பேரும் பார்க்கலாம். நாலு பிள்ளைகள் நாலு நாட்டில் இருந்தால், ஆளுக்கு ஒன்று எடுப்பதைவிட வாப்பா பெயரில் ஒன்று எடுப்பது லாபம். ஒரே ஒருவர்தான் வெளியே என்றால் அவர் மட்டும் எடுத்தால் போதும். வீட்டு வைஃபைக்குள் பார்க்க எந்தக் கட்டணமும் இல்லை. ஜெல்லிஃபினில் உள்ளேயும் வெளியேயும் கட்டணமே கிடையாது.

பணம் கட்டியும் ஓடவில்லையா? அடுத்து, கோப்பு வகை. தமிழ்நாட்டில் 2000-களில் கல்யாண வீடியோ என்றால் விசிடி. அந்தத் தட்டைத் திறந்தால் உள்ளே 'டாட்' என்ற பின்னொட்டுடன் கோப்புகள் இருக்கும். அதை அப்படியே காப்பி செய்து போட்டால் மீடியா சர்வர் அதை வீடியோ என்றே கண்டுகொள்ளாது. டிவிடியில் இருந்து 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறையை அப்படியே போட்டாலும் பிளெக்ஸ் ஏற்காது. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிப் போடுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

சர்வர் லினக்ஸில் ஓடுகிறது என்றால் இன்னொன்று. வெளி ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க உங்களுக்கு அனுமதி இருக்கும், ஆனால் பிளெக்ஸ் அல்லது ஜெல்லிஃபின் மென்பொருளுக்கு என்று தனிப் பயனர் உண்டு. அந்தப் பயனருக்கு அனுமதி இல்லையென்றால் லைப்ரரி காலியாகவே இருக்கும்.

வீட்டுக்குள் ஓடுது, வெளியே மட்டும் ஓடலை: காரணம் சிஜிநாட்

இந்தியாவில் வீட்டு சர்வர் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். ஐபி முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைக் கொடுக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே வாசல், கதவு எண் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் வாசல் வரை வருவார், எந்த வீடு என்று தெரியாமல் திரும்பிப் போவார். வெளியிலிருந்து உங்கள் சர்வரைத் தேடி வரும் இணைப்புக்கு நடப்பதும் இதுதான்.

இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வேன் ஐபி' என்ன என்று பாருங்கள். பிறகு இணையத்தில் 'என் ஐபி என்ன' என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. வேறு வேறாக இருந்தால், அதுவும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அப்போது ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' எத்தனை முறை செய்தாலும் பலன் இல்லை.

என்ன வழி?

* இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி கேட்கலாம். சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன.
* டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளை சர்வரிலும் பிள்ளைகளின் போனிலும் போடலாம். இரண்டு கருவிகளும் ஒரே வீட்டு வைஃபையில் இருப்பது போல ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். ஜெல்லிஃபின் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் எளிதும் பாதுகாப்பும்.
* வீட்டில் இணைய நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டு இருந்தால், முதலாவதை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். சிக்கல் இரட்டை ரவுட்டராக மட்டும் இருந்தால் இதுவே தீர்த்துவிடும்.

*வளைகுடாவில் இருப்போர் கவனத்துக்கு:* டெயில்ஸ்கேலும் ஒரு வகை விபிஎன்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில், முகவரியை மறைத்துக் குற்றம் செய்ய விபிஎன் பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வீட்டு வீடியோ பார்ப்பது அந்த வகையில் வராது என்று நீங்கள் நினைத்தாலும், அந்த நாட்டில் இருக்கும் பிள்ளை விதிகளைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பதே நல்லது.

3. திக்கித் திக்கி ஓடுகிறது

மகன் வீட்டில் இணையம் வேகமாக இருக்கிறது, பிறகு ஏன் நிற்கிறது? ஏனென்றால் இங்கே முக்கியம் நாகூர் வீட்டின் பதிவேற்ற வேகம். சர்வர் இங்கிருந்து அனுப்புகிறது, அவர் பெறுகிறார். வேகச் சோதனையில் 'டவுன்லோட்' எண்ணைப் பார்க்காமல் 'அப்லோட்' எண்ணைப் பாருங்கள்.

ஒரு விசிடிக்கு நொடிக்கு சுமார் 1.4 மெகாபிட் போதும். டிவிடி 10 மெகாபிட் வரை கேட்கும். இப்போது போனில் எடுக்கும் 4கே வீடியோ 40 மெகாபிட்டைத் தாண்டலாம். பெருநாளன்று மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் பார்த்தால் மூன்று மடங்கு.

பிளெக்ஸில் 'இன்டைரக்ட்' என்று காட்டினால், நேரடி இணைப்பு கிடைக்காமல் அந்த நிறுவனத்தின் இடைவழியில் ஓடுகிறது என்று பொருள். அந்த வழியில் 1 அல்லது 2 மெகாபிட்தான் கிடைக்கும். அதற்குத் தீர்வு மேலே சொன்ன சிஜிநாட் பகுதியில்தான் இருக்கிறது.

இன்னொரு காரணம், தர மாற்றம். பார்ப்பவரின் செயலியில் தரம் குறைவாக அமைந்திருந்தால், அல்லது அவரது டிவிக்கு அந்த வீடியோ வகை புரியவில்லை என்றால், சர்வர் ஓடும்போதே அதை மாற்றி அனுப்பும். பழைய கணினிக்கு இது தாங்காது. செயலியில் தரத்தை 'ஒரிஜினல்' என்று வைத்துப் பாருங்கள். அப்படியும் நின்றால், வீடியோக்களை முன்கூட்டியே எச்.264 எம்பி4 ஆக மாற்றி வையுங்கள்.

4. நேற்று இருந்தது, இன்று யாருக்கும் இல்லை

இதற்கு மூன்று முக்கியக் காரணங்கள்.

*கரண்ட் போனது:* மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் புதிதாக முகவரி கொடுக்கும். சர்வரின் வீட்டு முகவரி மாறினால், பழைய முகவரிக்குச் செய்து வைத்த போர்ட் ஃபார்வர்டிங் வீணாகிவிடும். ரவுட்டரில் சர்வருக்கு என்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். ரவுட்டரையும் சர்வரையும் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

*ஹார்ட் டிஸ்க் கழன்றது:* வெளி டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால் விண்டோஸில் அதன் எழுத்து மாறலாம். சர்வர் பழைய இடத்தில் தேடி, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டும். பிளெக்ஸில் 'ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் குப்பையைக் காலி செய்' என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால், பட்டியலில் இருந்து அத்தனையையும் நீக்கிவிடும். கோப்புகள் அழியாது, ஆனால் நீங்கள் உட்கார்ந்து எழுதிய தலைப்புகளும் தொகுப்புகளும் போய்விடலாம். அந்த அமைப்பை இன்றே அணைத்துவிடுங்கள்.

*கடவுச்சொல் மாற்றினது:* 2025 செப்டம்பரில் பிளெக்ஸின் வாடிக்கையாளர் தகவல்கள் கசிந்தன. 2022 ஆகஸ்டிலும் இதேபோல் நடந்தது. எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறுங்கள் என்று நிறுவனம் சொன்னது. சொன்னபடி செய்தவர்களின் சர்வரும் சேர்ந்து வெளியேறிவிட்டது! குடும்பத்தில் ஒருவருக்கும் லைப்ரரி இல்லை. இப்படி ஆனால், சர்வர் இருக்கும் கணினியிலேயே பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் முகவரி, போர்ட் 32400 என்று திறந்து, உங்கள் கணக்கில் உள்நுழைந்து, சர்வரை மறுபடி 'கிளெய்ம்' செய்ய வேண்டும். இதை வெளியூரில் இருந்துகொண்டு செய்வது கடினம், வீட்டில் ஒருவருக்காவது சொல்லிக் கொடுத்து வையுங்கள்.

அப்டேட் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

'ஓடுது இல்ல, விடு' என்று இருந்துவிடக் கூடாது. 2022-இல் கடவுச்சொல் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த பெரிய தகவல் திருட்டு, அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த பழைய பிளெக்ஸ் வழியாக நடந்ததாகத் தெரியவந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020 மே மாதமே வந்துவிட்டது. அவர் அப்டேட் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஜெல்லிஃபினை வெறும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து இணையத்தில் திறந்து விடுவதும் ஆபத்து. கடவுச்சொல் மறைகுறியாக்கம் இல்லாமலே போகக்கூடும்.

எல்லோருக்கும் எல்லாம் பகிரலாமா?

வேண்டாம். கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த வீடியோ, உடல்நலம் இல்லாதபோது எடுத்தது, சொத்துப் பத்திரங்களின் படங்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருந்தால், பகிரும்போது எல்லாம் சேர்ந்தே போகும். இரண்டு மென்பொருளிலும் அனுமதி பெரும்பாலும் லைப்ரரி வாரியாகத்தான். எனவே பகிர்வதற்கு முன்பே மூன்று லைப்ரரியாகப் பிரித்து வையுங்கள்: எல்லோருக்கும், நெருங்கிய குடும்பத்துக்கு, உரிமையாளருக்கு மட்டும்.

ஜெல்லிஃபினில் ஒவ்வொருவருக்கும் 'பதிவிறக்க அனுமதி' தனியாக உண்டு. பார்க்க மட்டும் போதும் என்றால் அதை எடுத்துவிடுங்கள். மணமுறிவு, குடும்பச் சண்டை போன்ற நேரங்களில் யாருடைய கணக்கு இன்னும் திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இது யாரையும் சந்தேகப்படுவது அல்ல, வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்வது போலத்தான்.

கடையில் வாங்கிய நாகூர் ஈ.எம்.ஹனிபா கேசட்டையோ திரைப்பட டிவிடியையோ ஏற்றி, காசு வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் பகிர்வது காப்புரிமைச் சிக்கலைக் கொண்டுவரும். உங்கள் வீட்டுப் பதிவுகளுக்கு அந்தக் கவலை இல்லை.

சர்வரே பேக்கப் ஆகுமா?

ஆகாது. பலர் தவறாக நினைப்பது இதைத்தான். பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகப் பத்துப் பிரதி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இருப்பது ஒரே டிஸ்க்தான். அது போனால் பத்துப் பேருக்கும் போச்சு.

நாகை கடற்கரைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டம் நாகப்பட்டினம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்ததும் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். இது போக, உப்புக்காற்றும் ஈரமும் கேசட் நாடாவை வருடம் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கின்றன.

எனவே பொதுவாகச் சொல்லப்படும் 3-2-1 விதியைப் பின்பற்றுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். வெளிநாட்டில் பிள்ளை இருப்பது இங்கே வசதி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அப்புறம் சர்வர் ஓடாவிட்டாலும் பதற்றம் இருக்காது.

சுருக்கமாக: போன் வந்தால் கேட்க வேண்டியவை

1. எந்த மின்னஞ்சலில் உள்நுழைந்திருக்கிறார்? அழைப்பை ஏற்றுக்கொண்டாரா?
2. 'மோர்' பட்டியலில் பார்த்தாரா?
3. பிளெக்ஸ் என்றால், இருவரில் ஒருவரிடமாவது பாஸ் இருக்கிறதா?
4. நாகூர் வீட்டு வைஃபையில் ஓடுகிறதா? ஓடினால் சிஜிநாட் அல்லது ரவுட்டரைப் பாருங்கள்.
5. வீட்டிலும் ஓடவில்லையா? டிஸ்க், கடவுச்சொல், கரண்ட் என்ற வரிசையில் பாருங்கள்.
6. ஒரே ஒரு வீடியோ மட்டும் ஓடவில்லையா? கோப்பு வகையை மாற்றுங்கள்.

கேசட் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது, சர்வரெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள். சர்வரை எப்போது வேண்டுமானாலும் அமைக்கலாம், ஓடாவிட்டால் சரிசெய்யலாம். பூஞ்சை பிடித்து அழிந்துபோன நாடாவில் இருந்து ஒரு குரலை மீட்க முடியாது. அதனால் முதலில் கேசட்டைக் கணினியில் ஏற்றுங்கள்.